சேலம் – சென்னை – திருச்சி: என் 300 மைல் கிராஸ் கன்ட்ரி திட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள்

மொட்டைமாடி (பல்லாவரம்)

வணக்கம். சேலத்தில் விமானிப் பயிற்சியில் இருக்கிறேன். கமர்ஷியல் லைசென்ஸுக்கு வேண்டிய 200 மணி நேரத்தில் 140 பறந்தாகிவிட்டது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பல்லாவரம் வீட்டுக்கு வந்திருக்கிறேன். திரும்பிப் போனதும் ஜனவரியில் என் பெரிய கிராஸ் கன்ட்ரி. தெரியாதவர்களுக்கு: தனி ஆளாகக் குறைந்தது 300 கடல் மைல் பறக்க வேண்டும், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி முழுதாக நின்று பிறகு புறப்பட வேண்டும். இது லாக் புத்தகத்தில் ஏறினால்தான் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம்.

இன்ஸ்ட்ரக்டர் மூன்று வழிகளைச் சொல்லி, "ஒன்றை எடுத்துக்கொண்டு நீயே திட்டம் போட்டு வா" என்றார். நான் சென்னையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் திரிசூலம் மலைக்குப் பக்கத்தில் விமானங்கள் ஏறுவது தெரியும். மூன்றாம் வகுப்பில் இருந்து அங்கே நின்று பார்த்திருக்கிறேன். அப்பா அரசு விரைவுப் பேருந்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். கடன் வாங்கித்தான் என்னைச் சேர்த்தார். நான் ஓட்டும் விமானம் மீனம்பாக்கத்தில் இறங்குவதை அவர் மாடியில் நின்று பார்க்க வேண்டும் என்று ஆசை.

விமானம் செஸ்னா 172. வரைபடத்தில் ஸ்கேலை வைத்து மூன்று கோடு போட்டேன். சேலம்–சென்னை 143 கடல் மைல், சென்னை–திருச்சி 159, திருச்சி–சேலம் 72. மொத்தம் 374. வேகம் 110 நாட் (மணிக்கு 110 கடல் மைல்) என்று வைத்தால் 3 மணி 24 நிமிடம். மணிக்கு 34 லிட்டர், அரை மணி ரிசர்வும் சேர்த்து 133 லிட்டர். டேங்கில் பயன்படுத்தக்கூடியது 200 லிட்டர், அதனால் எரிபொருள் தாராளம். கிழக்கே போகும்போது ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500, மேற்கே போகும்போது இரட்டைப்படை ஆயிரத்தோடு 500 என்ற விதிப்படி முதல் கட்டத்துக்கு 5,500 அடி, மற்ற இரண்டுக்கும் 4,500.

அடையாளங்களாகப் பெரும்பாலும் ஏரிகளைக் குறித்திருக்கிறேன். சாத்தனூர் அணை, மதுராந்தகம், செம்பரம்பாக்கம், இடையில் பெயர் தெரியாத பத்துப் பன்னிரண்டு.

திட்டப் படிவத்தில், சென்னையில் இறங்க முடியாவிட்டால் போகும் மாற்று விமான நிலையம் என்ற கட்டத்தில் பாண்டிச்சேரி என்று எழுதினேன். எழுதிய பிறகுதான், எந்த நிலைமையில் பாண்டிக்குத் திரும்புவேன் என்று எனக்கே தெரியாது என்பது உறைத்தது. இரண்டு நாளாக அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய புஷ்பக் (நங்கநல்லூர்)

உன் பதிவை இரண்டு தடவை படித்தேன் அம்மா. நான் மீனம்பாக்கத்தில் புஷ்பக் விமானத்தில் பறக்கக் கற்றவன், பிறகு பல வருஷம் கற்றுக்கொடுத்தவன். புஷ்பக் நம் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் செய்த சின்ன விமானம். இரண்டு இருக்கை, 90 குதிரைத்திறன். அதில் பறந்தவனுக்கு உன் 172 பெரிய வண்டி.

கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. ஆனால் நீ ஸ்கேலை வைத்த இடத்தில் மலை இருக்கிறது.

சேலம் ஓடுதளத்தில் இருந்து சென்னைக்கு நேர்கோடு போட்டால், ஒன்பது பத்து மைலில் சேர்வராயன் மலை குறுக்கே வரும். ஏற்காட்டுக்கு மேலே சிகரம் 5,300 அடிக்கும் அதிகம். நீ போட்ட உயரம் 5,500. அதாவது மலை உச்சிக்கும் உன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்புக்குத்தான் இடம். அதுவும் நீ அந்த உயரத்தை எட்டியிருந்தால். சேலம் கடல்மட்டத்துக்கு மேல் 1,000 அடி. முழு டேங்கோடு நிமிடத்துக்கு 600 அடி ஏறினால் 5,500-ஐ எட்ட ஏழெட்டு நிமிடம், அதற்குள் ஒன்பது மைல் போயிருப்பாய். மலைக்கு வந்து சேரும்போதுதான் உயரமும் வந்து சேரும். அதைத் தாண்டினால் சித்தேரி, அதன் தெற்கே கல்வராயன். எஞ்சின் கொஞ்சம் இருமினாலும் இறங்க ஒரு கரும்புக் காடு கூடக் கிடைக்காது.

கடைசிக் கட்டத்திலும் அதே கதை. திருச்சி–சேலம் கோடு கொல்லிமலையின் மேலேயே போகிறது. அந்த மலை நாலாயிரம் அடிக்கு மேல், நீ போட்டது 4,500.

ஒன்று 7,500-க்கு ஏறிவிட்டுப் போ. அல்லது நான் செய்வதுபோல் மலைக்கு நடுவே இருக்கும் வாசலைப் பயன்படுத்து. சேலத்தில் இருந்து தென்கிழக்கே ஆத்தூர் கணவாய். வடக்கே கல்வராயன், தெற்கே பச்சைமலை, நடுவே சாலையும் ரயில் பாதையும் போகும் சமவெளி. அதோடு உளுந்தூர்பேட்டை வரை போய், அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்து விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு என்று சென்னை. ஆத்தூருக்கு 33 மைல், அங்கிருந்து உளுந்தூர்பேட்டைக்கு 41, பிறகு 93–94. மொத்தம் 168. உன் நேர்கோட்டைவிட 25 மைல் அதிகம், கால் மணி நேரத்துக்கும் குறைவு. இந்த வழியில் 5,500 போதும். கடைசிக் கட்டத்துக்குத் திருச்சியில் இருந்து நாமக்கல் போய் வடக்கே திரும்பு. 76 மைல்தான், நாலு மைல் அதிகம். நாமக்கல் பாறை தனியாக நிற்பதால் தூரத்தில் இருந்தே தெரியும்.

அடுத்தது ஏரி. தமிழ்நாட்டில் ஏரியை அடையாளமாக வைத்து வழி தேடாதே. மார்கழியில் எல்லா ஏரியிலும் தண்ணீர், தாழ்ந்த வயலிலும் தண்ணீர், மேலே இருந்து எது எது என்று தெரியாது. சித்திரையில் போனால் வரைபடத்தில் நீலமாக இருப்பது கீழே வேலிகாத்தான் காடாக இருக்கும். நீளமான அடையாளங்களை எடு: சாலை, ரயில் பாதை, ஆறு. ஒரு புள்ளியைத் தவறவிடலாம், ஒரு கோட்டைத் தவறவிடுவது கஷ்டம். சென்னை–திருச்சி கட்டத்தில் உனக்கு அதிர்ஷ்டம். செங்கல்பட்டு, மதுராந்தகம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை எல்லாம் ஏறக்குறைய அந்தக் கோட்டின் மேலேயே இருக்கின்றன. கடைசியில் காவிரியும் கொள்ளிடமும் நடுவே ஸ்ரீரங்கமும் தெரிந்த பிறகு திருச்சியைத் தவறவிட முடியாது.

அழகாக இருக்கிறதே என்று மட்டும் கடற்கரை ஓரமாகப் போய்விடாதே. கல்பாக்கத்தைச் சுற்றிப் பறக்கத் தடை. அதோடு, தென்மேற்கில் இருந்து சென்னைக்கு வருபவர் கண்ணில் முதலில் படும் ஓடுதளம் மீனம்பாக்கம் இல்லை. அது தாம்பரம் விமானப்படைத் தளம். இரண்டுக்கும் நடுவே ஆறு மைல் கூட இல்லை. இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று கீழே சொல்கிறேன்.

காற்று. நீ காற்றே இல்லாமல் கணக்குப் போட்டிருக்கிறாய். ஜனவரியில் அந்த உயரத்தில் வடகிழக்குக் காற்று 15 நாட் என்று வைத்துக்கொள். சென்னை போகும்போது எதிர்க்காற்று, தரைவேகம் 95 பக்கம் வந்துவிடும். முதல் கட்டம் 1 மணி 48 நிமிடம் ஆகும். திருச்சி போகும்போது அதே காற்று பின்னால் இருந்து தள்ளும், 80 நிமிடம். கடைசிக் கட்டம் 45. சென்னையில் பெரிய விமானங்களுக்காக உன்னை எங்காவது ஒரு ஏரி மேல் 20 நிமிடம் வட்டமிடச் சொல்லலாம், அதையும் சேர். தரையில் ஓட்டுவதற்கும் ஏறுவதற்கும் ஒவ்வொரு தடவையும் ஐந்து லிட்டர். எல்லாம் கூட்டினால் 158 லிட்டர், மீதி 42. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். பகலில் அரை மணி ரிசர்வ் போதும் என்பது விதி, தனியாகப் போகும் பிள்ளைக்கு ஒரு மணி என்பது என் விதி. வழியில் ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதே. ஜெட் எரிபொருள் எங்கும் இருக்கும், உன் எஞ்சினுக்கு வேண்டிய ஆவ்காஸ் கிடைக்காது என்றே திட்டம் போடு. மணிக்கு 34 லிட்டர் என்பதும் மிக்ஸ்சரைச் சரியாக லீன் செய்தால், அதாவது காற்றோடு கலக்கும் எரிபொருளைக் குறைத்தால், வரும் எண். லீன் செய்ய மறந்தால் அது இன்னும் குடிக்கும்.

இப்போது உன் பாண்டிச்சேரிக் கட்டம். உன் கேள்வியிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நவம்பர். திருச்சியில் இருந்து மீனம்பாக்கத்துக்குத் தனியாக வந்துகொண்டு இருந்தேன். அன்று மாலை மாம்பலத்தில் என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். விழுப்புரத்தில் மேகம் தாழ்ந்தது. இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினால் ரயில் பாதை தெரிகிறதே என்று இறங்கினேன். திண்டிவனத்தில் இன்னும் கொஞ்சம். மதுராந்தகம் வந்தபோது 600 அடியில் இருந்தேன். ஏரியும் மழையும் வானமும் ஒரே சாம்பல் நிறம். எது தண்ணீர், எது அடிவானம் என்று தெரியவில்லை. திரும்பலாம் என்று பார்த்தால் பின்னாலும் மழை மூடிவிட்டது. அப்புறம் எவ்வளவு நேரம் என்று எனக்கு நினைவில்லை. தண்டவாளத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு ஓடுதளம் தெரிந்தது. கடவுளே என்று அதற்கு நேராக வந்து இறங்கத் தொடங்கினேன். 300 அடியில், பக்கத்தில் திரிசூலம் மலை இல்லையே என்று தோன்றியது. அது தாம்பரம். மறுபடி ஏறி, இன்னும் சில நிமிடம் பறந்து மீனம்பாக்கத்தில் இறங்கினேன். டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்தால் நுனி மட்டும் நனைந்து வந்தது.

என் இன்ஸ்ட்ரக்டர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "விழுப்புரத்தில் என்ன முடிவு செய்தாய்?" எனக்குப் பதில் இல்லை. நான் அங்கே எதையும் முடிவு செய்யவே இல்லை. கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றுதான் வந்தேன்.

அதனால் சொல்கிறேன். உன் வழியில் முடிவெடுக்கும் இடம் உளுந்தூர்பேட்டை. அங்கிருந்து பாண்டி 35 மைல், திருச்சி 65, திரும்பிச் சேலம் 74, சென்னை 93. எல்லாப் பக்கமும் வழி திறந்திருக்கும் கடைசி இடம் அது. அதைத் தாண்டி வடக்கே போகப் போக ஒவ்வொரு கதவாக மூடும். உளுந்தூர்பேட்டையில் என்ன இருந்தால் சென்னை, என்ன இருந்தால் பாண்டி என்பதை வீட்டு மேஜையில் உட்கார்ந்து எண்ணாக எழுது. "வானிலை மோசமானால்" என்று எழுதாதே, அதற்கு மேலே போனதும் ஆயிரம் அர்த்தம் வரும். "சென்னையில் பார்வைத் தூரம் 5,000 மீட்டருக்குக் கீழே" என்று எழுது. "நேரம் ஆறு நிமிடத்துக்கு மேல் தாமதம்" என்று எழுது. "வடக்கே கெடிலம் ஆறு தெரியவில்லை" என்று எழுது. மூன்றில் ஒன்று நடந்தாலும் வலப்பக்கம் திரும்பு, பாண்டி.

இன்னொன்றையும் இப்போதே கணக்குப் பார்த்துவிடு. பாண்டிக்குத் திரும்பினால் சேலம்–பாண்டி 109, பாண்டி–திருச்சி 97, திருச்சி–சேலம் 76. மொத்தம் 282. பதினெட்டு மைல் குறைகிறது. அன்றைய பறத்தல் உன் 300-க்குக் கணக்கில் வராது, பணமும் போகும், மறுபடி முதலில் இருந்து. அந்த நஷ்டத்தை இன்றைக்கே மனசில் ஏற்றுக்கொள். ஐயாயிரம் அடியில் வைத்து அதை ஏற்றுக்கொள்ள முடியாது. எனக்கு நிச்சயதார்த்தம், உனக்கு மொட்டைமாடியில் அப்பா.

---

ரன்வே ஜீரோ ஃபோர் (சேலம்)

நான் இதை ஆகஸ்டில் முடித்தேன், என்னுடையது வேறு வழி. சென்னையைப் பற்றி ஒரு பேட்ச் மேட் சொன்னதை எழுதுகிறேன். தரையில் ஓட்டவே 20 நிமிடம் ஆகலாம். விமானத் தகவல் மையம் தரும் எஃப்.ஐ.சி. எண்ணும் வான்பாதுகாப்பு அனுமதி எண்ணும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக வாங்கி, காலில் கட்டிக்கொள்ளும் முழங்கால் பலகையில் எழுதி வை. ஒன்றை வாங்கிவிட்டு மற்றதுக்கும் அதுவே போதும் என்று நினைத்து ஒரு மணி நேரம் நின்றவர்கள் உண்டு. பேனா இரண்டு. சாப்பாடு கையோடு.

இறங்கும்போது முன்னால் ஜெட் இறங்கியிருந்தால், அது விட்டுப்போகும் சுழல்காற்றில் மாட்டாமல் அதன் பாதைக்கு மேலேயே இரு, அது தரை தொட்ட இடத்தைத் தாண்டித் தொடு. சென்னை ஓடுதளம் நமக்கு மிக நீளம், இடம் பற்றிய கவலையே வேண்டாம்.

பாண்டியில் கோபுரம் எந்த நேரம் இயங்கும் என்று முந்தின நாளே நோட்டமில் (NOTAM, விமானிகளுக்கான அறிவிப்பு) பார்த்துக்கொள். மூடியிருக்கும் இடத்தை மாற்று நிலையமாக எழுதி ஒரு பயனும் இல்லை.

---

மேகமானி (மேற்கு மாம்பலம்)

வானிலைத் துறையில் முப்பது வருடம் இருந்தவன். புஷ்பக் சார் சொன்னதோடு ஒன்றிரண்டு.

பாப்பா, தேதி குறிக்கும்போது போகியை விட்டுவிடு. முந்தின நாளும் மறுநாளும் கூட வேண்டாம். மார்கழி கடைசியில் விடியற்காலையில் தரை குளிர்ந்து, அதற்கு மேலே உள்ள காற்று சூடாக ஒரு மூடி போட்டதுபோல் நிற்கும். ஊர் முழுக்கப் பழைய பாயும் டயரும் எரிக்கிற புகை அந்த மூடியைத் தாண்டி ஏறாது. பனியும் சேர்ந்தால் ஓடுதளத்தின் மறுமுனை தெரியாது. 2018 போகியன்று சென்னையில் பெரிய விமானங்களே இறங்க முடியாமல் தவித்தன.

போகி இல்லாத நாளிலும் ஜனவரி காலையில் சென்னையில் மூட்டம் நிற்கும். மெட்டாரில் (விமான நிலையத்தின் வானிலை அறிக்கை) வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார். ஒன்று இரண்டு டிகிரிதான் என்றால் மூட்டம் சீக்கிரம் கலையாது. பெரும்பாலும் ஒன்பது, ஒன்பதரைக்குத் தெளிந்துவிடும், ஆனால் தெளியும் என்று நம்பி வராதே. தெளிந்தது என்று மெட்டார் சொன்ன பிறகு வா. பார்வையை நம்பிப் பறப்பவருக்குச் சென்னையில் இறங்க 5,000 மீட்டர் பார்வைத் தூரம் வேண்டும், மேகம் 1,500 அடிக்குக் கீழே இருக்கக் கூடாது.

மெட்டாரில் உள்ள நேரம் உலக நேரம். 0300 என்று இருந்தால் நம் காலை எட்டரை. இதைச் சொல்வதற்காக வருத்தப்படாதே, படித்தவர்களே அவசரத்தில் இதில் தடுமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாள் என்றால் அதற்கான நோட்டம் வந்திருக்கும், அதையும் ஒரு கண் பார்த்துவிடு.

---

மொட்டைமாடி (பல்லாவரம்)

எல்லோருக்கும் நன்றி. புஷ்பக் சார், உங்கள் பதிலைப் படித்துவிட்டு வரைபடத்தில் உயர எண்களை மறுபடி பார்த்தேன். சேர்வராயன் அங்கேயே இருக்கிறது. என் பென்சில் கோடு அதன் மேலேயே போகிறது. எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. 374 என்ற எண் கிடைத்த சந்தோஷத்தில் கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று இரவு புது வழியை வரைந்துகொண்டு இருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆத்தூர், சின்னசேலம், உளுந்தூர்பேட்டை என்று நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "இது என் ரூட்டு" என்றார். பதினோரு வருஷம் சென்னை–சேலம் வண்டி ஓட்டியவர். அப்புறம் ஒரு மணி நேரம் அவர் சொல்ல நான் எழுதினேன். எந்த இடத்தில் ரயில் பாதை சாலையைக் கடக்கும், எந்த ஊரில் பைபாஸ் ஊரை விட்டு விலகும், எந்த ஏரிக் கரை மேல் சாலை போகும், எந்த மலை எந்தப் பக்கம் வரும். வரைபடத்தில் பெயரில்லாத இடத்துக்கெல்லாம் அவரிடம் பெயர் இருக்கிறது. கெடிலம் ஆறு என்று நீங்கள் எழுதியதைக் காட்டினேன். "பனி நாளில் உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்கும்போதே தெரிஞ்சிடும், கெடிலம் தாண்டி வண்டி ஓடுமா, உருட்டணுமான்னு" என்றார்.

சார் சொன்ன மூன்று எண்களையும் சிவப்பு மையில் எழுதி முழங்கால் பலகையில் ஒட்டிவிட்டேன். 282 என்பதையும் எழுதியிருக்கிறேன். அப்பாவிடமும் சொன்னேன், அன்றைக்கு நான் வராமலும் போகலாம் என்று. "சரி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

---

மொட்டைமாடி (சேலம்)

ஜனவரி நாலாவது வாரம். நேற்று பறந்தேன். முழுதாக எழுதுகிறேன், இங்கே இவ்வளவு பேர் உதவியிருக்கிறீர்கள்.

காலை எட்டு மணிக்கு ஏறினேன். புறப்படும் முன் பார்த்த சென்னை மெட்டாரில் 3,000 மீட்டர் மூட்டம், ஒன்பதுக்குள் தெளியும் என்று முன்னறிவிப்பு. இன்ஸ்ட்ரக்டரிடம் என் மூன்று எண்களைக் காட்டினேன். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சேலத்தில் வானம் கழுவி வைத்ததுபோல் இருந்தது. ஏறும்போது இடப்பக்கம் சேர்வராயன். அந்த உயரத்தில் அதைப் பார்த்தபோது என் பழைய கோடு ஞாபகம் வந்து உள்ளங்கை வேர்த்தது.

ஆத்தூர் சரியான நேரத்தில் வந்தது. அப்பா சொன்ன அடையாளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எதிர்க்காற்று நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகம். உளுந்தூர்பேட்டைக்கு மூன்று நிமிடம் தாமதம், ஆறுக்குள்தான். கெடிலம் தெளிவாகத் தெரிந்தது, அதற்கு அப்பால் தென்பெண்ணை மணல் கூடத் தெரிந்தது. வானொலியில் சென்னையைக் கேட்டேன். எட்டரை மணிப் பார்வைத் தூரம் 3,500 மீட்டர்.

நேரம் சரி. ஆறு தெரிகிறது. சென்னைப் பார்வைத் தூரம் மட்டும் 5,000 இல்லை. நான் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, அதற்குள் தெளிந்துவிடாதா என்று மனசு சொன்னது. கண்ணெதிரே ஒரு மேகம் கூட இல்லை. அப்பா காலையிலேயே மாடிக்குப் போயிருப்பார் என்று தெரியும். சிவப்பு மையைப் பார்த்தேன். மூன்றில் ஒன்று என்று என் கையெழுத்தில் இருந்தது. உளுந்தூர்பேட்டை டோல்கேட்டுக்கு நேர் மேலே ஒரே ஒரு வட்டம் போட்டேன். வட்டம் முடிவதற்குள் பாண்டிக்குப் போகிறேன் என்று வானொலியில் சொல்லிவிட்டேன்.

பாண்டியில் இறங்கி முதல் வேலையாக அப்பாவுக்குப் போன் செய்தேன். மாடியில்தான் இருந்தார். "பரங்கிமலை தெரியலம்மா. நீ எங்கே இருக்கே?" என்றார். உளுந்தூர்பேட்டையில் திரும்பிவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சாப்பிட்டியா?" என்றார்.

சென்னையில் பத்தரை மணிக்குத்தான் 5,000 ஆனதாம். பிறகு பார்த்துத் தெரிந்துகொண்டேன். அங்கிருந்து திருச்சி, நாமக்கல், சேலம் எல்லாம் நன்றாக நடந்தன. லாக் புத்தகத்தில் 282 என்று எழுதும்போது மட்டும் அழுகை வந்தது. இன்ஸ்ட்ரக்டர் பிப்ரவரி இரண்டாவது வாரத்தில் மறுபடி நேரம் கொடுத்திருக்கிறார். இந்த முறை சேலத்தில் இருந்து ஒன்பது மணிக்குப் புறப்படுகிறேன். எண்கள் மூன்றும் அப்படியே இருக்கின்றன.

---

பழைய புஷ்பக் (நங்கநல்லூர்)

படித்தேன் அம்மா. இரண்டாவது தடவை படிக்கும்போது என் மனைவிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

சேலத்தில் நின்ற பிறகு குச்சியில் எவ்வளவு இருந்தது?

---

மொட்டைமாடி (சேலம்)

82 லிட்டர், சார். கணக்குப்படி 85 இருந்திருக்க வேண்டும். அந்த மூன்று லிட்டர் உளுந்தூர்பேட்டை வட்டத்திலும் பாண்டியில் தரையில் காத்திருந்ததிலும் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த நேவ் லாக்கில் (வழித்திட்டத் தாளில்) அதையும் சேர்த்துவிட்டேன்.